யாரும் ஓடாத ஓட்டம்

செய்தி மொழிபெயர்க்கும் மேசையில் எங்களைப் படுத்தி எடுத்தவை பெரிய சொற்கள் அல்ல. நம்பிக்கையில்லாத் தீர்மானம், அரசியல் சட்டத் திருத்தம், கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணை என்று அவற்றுக்கெல்லாம் யாரோ ஒரு புண்ணியவான் ஏற்கெனவே தமிழ் கண்டுபிடித்து வைத்துவிட்டுப் போயிருந்தார். எடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான். கழுத்தைப் பிடித்தவை 'கெட்', 'செட்', 'புட்', 'ரன்' போன்ற பொடிச் சொற்கள். அவற்றிலும் 'ரன்' பெரிய போக்கிரி.

1980களின் தொடக்கத்தில் சென்னையில் ஒரு தமிழ் நாளேட்டில் உதவி ஆசிரியராகச் சேர்ந்தேன். இரவுப் பணி. டெலிபிரின்டர் கடகடவென்று அடித்துத் தள்ளும் காகிதத்தைக் கிழித்து ஆளுக்குக் கொஞ்சமாகப் பங்கு வைப்பார்கள். என் பங்கில் அமெரிக்காவில் ஒருவர் ஏதோ பதவிக்கு 'ரன்' செய்வார். வேறொரு நாட்டில் கோதுமை 'ரன் அவுட்' ஆகியிருக்கும். அடுத்த துண்டில் மட்டையாளர் ஒருவர் 'ரன் அவுட்' ஆகியிருப்பார். அதற்கும் அடுத்ததில் லாரி ஒன்று யாரையோ 'ரன் ஓவர்' செய்திருக்கும். சென்னைப் பல்கலைக்கழகம் 1960களில் கொண்டுவந்த ஆங்கிலம்–தமிழ்ச் சொற்களஞ்சியம் அட்டை பிய்ந்து மேசை நடுவில் கிடக்கும். புரட்டினால் பொருள்கள் வரிசையாகக் கொட்டும். அவற்றில் எது நமக்கானது என்பதை மட்டும் அது சொல்லாது.

எங்கள் செய்தி ஆசிரியர் மூக்குப்பொடி போடுகிறவர். புதுப் பையன்கள் அகராதியைத் திறந்து வைத்துக்கொண்டு விழித்தால் அவருக்குப் பிடிக்காது. "அதை அப்புறம் தொறக்கலாம்யா. இதைச் சொல்றவன் யாரு, எங்க நின்னு சொல்றான்? அதை மொதல்ல பாரு" என்பார். வங்கிக்காரன் சொன்னால் ஒன்று, தறிக்காரன் சொன்னால் வேறு, ரயில்காரன் சொன்னால் இன்னொன்று. சொல்லின் பொருள் சொல்லுக்குள் இல்லை, அது புழங்கும் பட்டறையில் இருக்கிறது என்பது அவர் கட்சி.

அவர் சொன்ன வழியில் பார்க்கப் பார்க்க ஒரு வேடிக்கை தெரிந்தது. 'ரன்' என்று சொல்லும் இடங்கள் பலவற்றில் யாருமே ஓடுவதில்லை.

அதற்கு முதல் சாட்சி நான் வளர்ந்த விழுப்புரம் ரயில்வே காலனியிலேயே இருந்தது. அப்பா மீட்டர் கேஜ் நீராவி இன்ஜினில் ஃபயர்மேனாக இருந்து டிரைவரானவர். பள்ளிக்கூடம் போகும் வழியில் ஓட்டுக் கூரை போட்ட நீளமான கட்டடம் ஒன்று உண்டு. அதற்கு ரன்னிங் ரூம் என்று பெயர். ரயில்வேயிலேயே அவ்வளவு அசையாத இடம் வேறு கிடையாது. பட்டப்பகலில் ஜன்னலுக்குத் துணி தொங்கும். உள்ளே வரிசையாகக் கட்டில்கள். கட்டிலுக்கு ஒருவராகக் கரி படிந்த கையோடு தூங்குவார்கள். தாழ்வாரத்தில் செருப்புச் சத்தம் கேட்டால்கூடச் சமையல்காரர் கரண்டியோடு வந்து முறைப்பார். ஊரிலிருந்து வரும் டிரைவர்கள் அரிசியையும் காய்கறியையும் அவரிடம் கொடுத்துவிட்டுப் படுப்பார்கள். எழுந்து வரும்போது அவரவர் சோறு அவரவர் பாத்திரத்தில் இருக்கும்.

"தூங்கற ரூமுக்கு ஏம்பா ரன்னிங் ரூம்னு பேரு?" என்று அப்பாவிடம் கேட்டிருக்கிறேன். "ரயிலோட ஓடறவங்க தங்கற ரூம்டா அது. ஸ்டேஷன்ல உட்கார்ந்து வேலை பாக்கறவங்க அங்க படுக்க முடியாது" என்றார். ரயில்வே கணக்கில் டிரைவர், ஃபயர்மேன், கார்டு எல்லாரும் ரன்னிங் ஸ்டாஃப். அவர்களுக்கு ரன்னிங் அலவன்ஸ் என்று தனிப்படி உண்டு. ஓடிய கிலோமீட்டரைக் கணக்கிட்டுக் கொடுப்பதால் வீட்டில் அதற்கு மைலேஜ் என்று பெயர். "இந்த மாசம் மைலேஜ் கொறைச்சல்" என்று அப்பா சொன்னால் தீபாவளித் துணியில் கை வைப்பார்கள் என்று அர்த்தம். நள்ளிரவில் கால் பாய் வந்து கதவைத் தட்டுவார். அவர் நீட்டும் கால் புக்கில் அரைத் தூக்கத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, கொடியும் டெட்டனேட்டர் டப்பாவும் விதிப் புத்தகமும் கிடக்கும் லைன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு அப்பா கிளம்புவார். 'ரன்னிங்' என்ற சொல்லுக்கு என் மூளையில் முதலில் பதிந்த பொருள் ஓட்டம் அல்ல. இரவில் அப்பா வீட்டில் இல்லாததுதான் அதன் பொருள்.

பேருந்துக் கண்டக்டர்களின் 'ரன்னிங்' வேறு. "ரன்னிங்ல ஏறாத!" என்று அவர்கள் கத்தும்போது ஓடுவது வண்டி. ஏறுகிறவனும் ஓடத்தான் ஓடுகிறான், ஆனால் அவனை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

மேசைக்குத் திரும்புவோம். 1984இல் அமெரிக்க அதிபர் தேர்தல். ஜனநாயகக் கட்சி வேட்பாளர் வால்டர் மான்டேல், ஜெரால்டின் ஃபெராரோ என்ற பெண்மணியைத் தன் 'ரன்னிங் மேட்' ஆக அறிவித்தார். பெரிய கட்சி ஒன்றின் சார்பில் ஒரு பெண் அந்த இடத்துக்கு வந்தது அதுதான் முதல் தடவை என்பதால் முதல் பக்கச் செய்தி. துணை அதிபர் வேட்பாளர் என்று எழுதி முடித்துவிட்டோம். ஆனால் அந்தச் சொல் வந்த இடம் குதிரை லாயம். ஒரே முதலாளியின் இரண்டு குதிரைகள் பந்தயத்தில் இறங்கும்போது, ஒன்றுக்கு வேகம் பிடித்துக் கொடுக்க இன்னொன்றை ஓடவிடுவார்கள். அந்தத் துணைக் குதிரைதான் 'ரன்னிங் மேட்'. அமெரிக்கர்களுக்குத் தேர்தல் என்பதே பந்தயம். வேட்பாளர் பதவிக்காக 'ரன்' செய்கிறார். இங்கிலாந்தில் அவரே 'ஸ்டாண்ட்' செய்வார். நாமும் "எந்தத் தொகுதியில நிக்கறார்?" என்றுதான் கேட்கிறோம். ஓடுகிறவரை நிற்க வைத்தால்தான் தமிழில் செய்தி சரியாக வரும் என்பது அன்றைக்குப் பிடிபட்டது.

விளையாட்டுப் பக்கத்தில் 'ரன்' அப்படியே 'ரன்' தான். இலங்கைத் தமிழ்ப் பத்திரிகைகள் 'ஓட்டங்கள்' என்று எழுதும், நாங்கள் எழுதவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அதற்கு வெட்டு என்றே பெயர் இருந்தது. கணக்குப் பார்க்கிறவர் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒரு குச்சியில் கத்தியால் வெட்டிக்கொண்டே போவார். பிறகு 'ரன்' வந்து உட்கார்ந்தது. 22 கெஜ ஆடுதளத்தில் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு ஓடுவதால் வந்த பெயர், ஓடத் தேவையில்லாத பவுண்டரிக்கும் சிக்ஸருக்கும் ஒட்டிக்கொண்டது.

அதன் உச்சத்தை 1987 அக்டோபர் 9 அன்று சேப்பாக்கம் காட்டியது. உலகக் கோப்பையில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் மோதிய ஆட்டம். அலுவலகத்தில் விளையாட்டு மேசையைச் சுற்றி வேலை வெட்டி இல்லாதவர்கள் எல்லாரும் ரேடியோவோடு குந்தியிருந்தோம். டீன் ஜோன்ஸ் தூக்கி அடித்த ஒரு பந்துக்கு நடுவர் நான்கு கொடுத்திருந்தார். அது எல்லைக் கோட்டைத் தாண்டித்தான் விழுந்தது, ஆறு கொடுக்க வேண்டும் என்று ஆஸ்திரேலியர்கள் முறையிட்டார்கள். இடைவேளையில் கபில் தேவ் ஒப்புக்கொள்ள, 268 என்றிருந்த எண்ணிக்கை 270 ஆனது. இந்தியா 269இல் சுருண்டது. ஒரு பந்து பாக்கியிருக்கும்போது ஸ்டீவ் வாவ் பந்தில் மணீந்தர் சிங் போல்டு. முந்தைய ஆண்டு இதே சேப்பாக்கத்தில் இதே ஆஸ்திரேலியாவுடன் டெஸ்ட் ஆட்டம் சமனில் முடிந்தபோதும் கடைசி ஆளாக ஆட்டமிழந்தவர் அவர்தான். "ஒரு ரன்ல போச்சே!" என்று ஆளாளுக்குத் தலையில் அடித்துக்கொண்டோம். எங்கள் பொடிப் பிரியர் மட்டும் நிதானமாக, "அந்த ரெண்டு ரன்னுக்கு ஒருத்தனும் ஓடலயேய்யா, சாப்பாட்டு நேரத்துலன்னா வந்துச்சு" என்றார்.

வங்கியின் கதை இன்னும் விசித்திரம். 2007 செப்டம்பரில் பிரிட்டனின் நார்தர்ன் ராக் வங்கி அவசர உதவி கேட்டு இங்கிலாந்து வங்கியிடம் போன செய்தி கசிந்தது. மறுநாள் அதன் கிளைகள் முன்னால் மக்கள் திரண்டார்கள். அந்த நாட்டில் அப்படி நடந்து ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு ஆகிறது என்று ஏஜென்சிகள் எழுதின. செய்தியில் வரிக்கு வரி 'பேங்க் ரன்'. கூடவே வந்த படத்தில், கோட்டு போட்ட முதியவர்கள் ஒழுங்காக வரிசை கட்டி நிற்கிறார்கள். ஒருவர்கூட ஓடவில்லை. ஆனாலும் ஓட்டம் என்ற சொல் அங்கே முழுக்கப் பொருத்தம். எந்த வங்கியும் போட்ட பணத்தை அப்படியே பெட்டியில் பூட்டி வைப்பதில்லை, கடனாகக் கொடுத்துவிடுகிறது. எல்லாரும் ஒரே நாளில் கேட்டால் முன்னால் வந்தவனுக்குத்தான் கிடைக்கும். அன்றைய பிரிட்டிஷ் காப்பீட்டில் முதல் 2,000 பவுண்டுக்கு முழு உத்தரவாதம், அதற்கு அடுத்த 33,000 பவுண்டுக்குத் தொண்ணூறு சதவீதம்தான். வரிசையில் நின்றவர்கள் பைத்தியக்காரர்கள் அல்ல, கணக்குத் தெரிந்தவர்கள். போட்ட பணம் முழுவதற்கும் அரசே பொறுப்பு என்று அறிவித்த பிறகுதான் வரிசை கலைந்தது.

நம் நாட்டிலும் அந்தப் பாடம் படித்தாகிவிட்டது. 1960இல் கேரளத்தின் பாலாய் சென்ட்ரல் வங்கி விழுந்தது. அதைத் தொடர்ந்து சட்டம் வந்து, 1962 முதல் வைப்புத்தொகைக்குக் காப்பீடு தொடங்கியது. ஆரம்பத்தில் ஓர் ஆளுக்கு 1,500 ரூபாய். 2020 முதல் 5 லட்சம். நார்தர்ன் ராக் செய்திக்குத் தலைப்பாக 'பணத்தை எடுக்க வங்கி வாசலில் அலைமோதும் கூட்டம்' என்று போட்டேன். அலை வந்தது, ஓட்டம் வரவில்லை.

எங்கள் அச்சகத்துக்குள்ளும் இந்தச் சொல் வேறு வேஷத்தில் திரிந்தது. ப்ரூஃப் பார்க்கும் பெரியவர், தேவையில்லாமல் பத்தி பிரிந்திருந்தால் மேல் பத்தியின் கடைசிச் சொல்லிலிருந்து கீழ்ப் பத்தியின் முதல் சொல்லுக்கு மையால் ஒரு வளைகோடு இழுத்து, ஓரத்தில் 'ரன் ஆன்' என்று எழுதுவார். கம்பாசிட்டர் இரண்டையும் ஒட்டிவிடுவார். வெள்ளம், ரயில் விபத்து போலத் தகவல் வந்துகொண்டே இருக்கும் சமாச்சாரத்துக்கு 'ரன்னிங் ஸ்டோரி' என்று பெயர். இங்கெல்லாம் விரைவு கிடையாது. அறுபடாமல் தொடர்வதுதான் பொருள்.

தொடர்ச்சி, ஒழுக்கு என்ற இந்தப் பொருள் பிற்காலத்தில் ஒட்டிக்கொண்டது அல்ல. பழைய ஆங்கிலத்தில் இச்சொல்லின் மூத்த வடிவங்களில் ஒன்றான 'ரின்னன்' என்பதற்கு ஓடுதல், வழிதல் இரண்டும் பொருள். ஜெர்மனியில் இன்றும் அந்த வடிவம் நீர் வழிவதைத்தான் குறிக்கிறது. அமெரிக்காவின் சில பகுதிகளில் சிற்றோடைக்கே 'ரன்' என்று பெயர். 1861இல் அமெரிக்க உள்நாட்டுப் போரின் முதல் பெரிய சண்டை நடந்த புல் ரன், வர்ஜீனியாவில் உள்ள ஓர் ஓடை. நம் ஓடையும் ஓடுவதால் ஓடை ஆனதுதானே.

ஆக்ஸ்போர்டு அகராதியின் கதையையும் இங்கே சொல்லிவிட வேண்டும். 1884இல் முதல் பகுதி வெளிவந்து 1928இல் முடிந்த அந்த மகா அகராதியில், நெடுங்காலம் 'செட்' தான் மிகப் பெரிய பதிவு. 1989இல் வந்த இரண்டாம் பதிப்பில் அதற்கு ஏறத்தாழ 430 பொருள்கள். விளக்கம் மட்டும் 60,000 சொற்கள். பிறகு திருத்தப் பணி நடக்க நடக்க 'மேக்' அதை முந்தியது, 'புட்' அதையும் முந்தியது. 2011இல் 'ரன்' எல்லாவற்றையும் தாண்டிவிட்டது. பீட்டர் கில்லிவர் என்ற அகராதி ஆசிரியர் இந்த ஒரு சொல்லோடு ஒன்பது மாதம் உட்கார்ந்து, வினைச்சொல்லுக்கு மட்டும் 645 பொருள்களைப் பிரித்தெடுத்தார். அதைப் படித்தபோது எனக்கு ஆச்சரியம் வரவில்லை, ஆறுதல்தான் வந்தது. ஓர் இரவுக்குள் அதே சொல்லோடு மல்லுக்கட்டிய எங்களை இனி யாரும் குறை சொல்ல முடியாது அல்லவா? இவ்வளவு பெருகியதற்கு இயந்திரங்கள் முக்கியக் காரணம். ரயில், தறி, மோட்டார், கம்ப்யூட்டர் என்று புதிதாக எது வந்தாலும் அது 'ரன்' ஆனது. ஒவ்வொரு பட்டறையும் தன் பங்குக்கு ஒரு பொருளைக் கொண்டுவந்து சேர்த்தது.

மரபுத்தொடர்கள் தனி உலகம். சராசரி ஆள், சராசரிப் படம் என்பதற்கு ஆங்கிலத்தில் 'ரன் ஆஃப் த மில்' என்பார்கள். மில்லிலிருந்து வெளிவந்த சரக்கை நல்லது கெட்டது பிரிக்காமல் அப்படியே விற்றால் அதற்கு அந்தப் பெயர். கோவைக்காரர்கள் குறையுள்ள துணியைத் தனியே எடுத்து 'செகண்ட்ஸ்' என்று விற்பார்களே, அந்தப் பிரிப்பு வேலை நடப்பதற்கு முந்தைய குவியல். வெறி பிடித்துக் கண்ணில் பட்டவரை வெட்டுவதைச் சொல்லும் 'ரன் அமோக்' தொடரில் பாதி மலாய். 'அமோக்' மலாய்ச் சொல்; தென்கிழக்காசியத் துறைமுகங்களில் ஐரோப்பியர் கேட்டு எடுத்துப்போனது. எல்லாப் பக்கமிருந்தும் வசவு வாங்குவதைக் குறிக்கும் 'ரன் த காண்ட்லெட்' தொடரில் கையுறை எங்கே வந்தது என்று ரொம்ப நாள் குழம்பினேன். கையுறைக்கு அங்கே வேலையே இல்லை. இரண்டு வரிசைப் படைவீரர்களுக்கு நடுவே குற்றவாளியை ஓடவிட்டு இருபுறமும் அடிக்கும் தண்டனைக்கு ஸ்வீடிஷ் மொழியில் சந்து ஓட்டம் என்ற பொருளில் 'காட்லொப்' என்று பெயர். ஆங்கிலேயர் நாக்கில் அது தேய்ந்து, தெரிந்த கையுறையின் பெயரோடு கலந்துவிட்டது. ஆக, நிஜமாகவே ஒருவன் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடியது அங்கேதான்.

தமிழும் சளைத்ததல்ல. படம் நூறு நாள் ஓடுகிறது, கடிகாரம் ஓடுகிறது, குடும்பம் ஏதோ ஓடுகிறது. பயந்தால் கையும் ஓடுவதில்லை, காலும் ஓடுவதில்லை. இவற்றில் பல ஆங்கிலத்தோடு தோளோடு தோள் நிற்பவை. ஆனால் ஆங்கிலத்தில் மூக்கு ஓடும், நமக்கு ஒழுகும். அவர்கள் துணியில் சாயம் ஓடும், நமக்குப் போகும். அவர்களுக்குக் காய்ச்சல் ஓடும், நமக்கு அடிக்கும். ஆங்கிலம் தன் சுமையை 'ரன்' தலையில் ஏற்றியது என்றால் நாம் ஏற்றியது 'அடி' தலையில். வெயில் அடிக்கிறது, காற்று அடிக்கிறது, வாடை அடிக்கிறது, லாட்டரி அடிக்கிறது. சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிறோம், காப்பி அடித்துப் பாஸாகிறோம், அரட்டை அடிக்கிறோம். ஒருவர் மேலும் கை படாமல் எத்தனை அடி! க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி 1992இல் வந்தபோது, இப்படிப் புழங்கும் பொருள்களை எடுத்துக்காட்டு வாக்கியத்தோடு பார்க்கக் கிடைத்தது எங்கள் மேசைக்குப் பெரிய விடுதலை. ஆங்கிலச் சொல்லுக்கு நேர் தமிழ்ச் சொல் தேடுவதை விட்டு, அந்த வேலையை நம்மிடம் எது செய்கிறது என்று தேட அது பழக்கியது.

இப்போது ஓய்வில் இருக்கிறேன். சொல்தான் என்னை விடுகிறபாடில்லை. தி.நகரில் மனைவியோடு புடவை எடுக்கப் போனால் கடைப் பையன் கேட்கிறான், "ரன்னிங் பிளவுஸா, கான்ட்ராஸ்டாக்கா?" புடவைத் துணியே தொடர்ந்து வந்து அதன் முனையில் ரவிக்கைத் துண்டாகவும் முடிந்தால் ரன்னிங். ப்ரூஃப் பெரியவரின் 'ரன் ஆன்' இதேதான், மைக்குப் பதில் பட்டு.

போன வருடம் சமையலறையில் அலமாரி போட வந்த ஆசாரி, "ஸ்கொயர் ஃபுட் கணக்கு வேண்டாம் சார், ரன்னிங் ஃபுட் போட்டுக்கலாம்" என்றார். நீளத்தை மட்டும் அளப்பாராம். உயரமும் ஆழமும் சேராது. எங்கள் மேடை மூலையில் திரும்பும். அவர் டேப்பை ஒரு சுவரின் கோடிவரை இழுத்தார், அப்புறம் அடுத்த சுவரை அதே கோடியிலிருந்து இழுத்தார். மனைவி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"மூலைய ரெண்டு தடவ அளந்துட்டீங்களே?"

"ரன்னிங் ஃபுட்டுன்னா அப்படித்தான்மா. எல்லா இடத்துலயும் இதான் கணக்கு."

"ரன்னிங்னா தொடர்ச்சியா போறதுதானே? ஒரு தடவ போன வழியிலயே திரும்பியும் எதுக்குப் போகணும்?"

ஆசாரி டேப்பைச் சுருட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு சீட்டில் எழுதியதை அடித்துவிட்டு இரண்டடி குறைத்துப் போட்டார். 645 பொருள்களில் இதுவும் அடக்கமா என்பது கில்லிவருக்கே வெளிச்சம். எங்கள் வீட்டுக் கணக்கில் அந்தச் சொல்லுக்கு இரண்டடி பலகையின் விலை மிச்சம்.